ஒரு விரல் சௌகரியம்

துணியை நீளவாக்கில் கிழிக்க வேண்டும், குறுக்கே கிழித்தால் நூல் பிரியும் என்று சவேத்தா சொல்லி வாய் மூடுவதற்குள் நாஸ்தாசியா குறுக்கே கிழித்துவிட்டாள்.

“உனக்குக் கண்ணு எங்க இருக்கு?”

“சலூன் வெச்சிருந்த மனுஷன் வீட்டுல உருப்படியா ஒரு கத்தரிக்கோல் இல்ல. பக்கத்து வீட்டுக்காரி பாவம், பல்லால கிழிக்கிறேன். அதுக்குப் பேச்சு வேற.”

நல்ல கத்தரிக்கோல்கள் எல்லாம் ஆற்றுக்கு அக்கரையில், சலூன் இழுப்பறையில் கிடந்தன. சாவி அவ்ராமின் கோட்டுப் பையில் இருந்தது. அந்தக் கோட்டைப் போட்டுத்தான் அவரைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அடுத்த அறையில், கண்ணாடிக்கெல்லாம் துண்டு போட்டு மூடிய சுவர்களுக்கு நடுவில், நெஞ்சின்மேல் கை வைத்துக் கிடந்தார். அந்தப் பைக்குள் கையை விட யாருக்கும் மனம் வரவில்லை. அவரோடு ஆயுள் முழுக்கக் குடித்தனம் நடத்திய சவேத்தாவுக்கும் வரவில்லை.

கிழித்த துண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு பாலம். பிணம் வீட்டைவிட்டுக் கிளம்பினால் முச்சந்திக்கு ஒன்று, ஓடைக்கு ஒன்று, ஆற்றுக்கு ஒன்று என்று பாதையில் துணி விரித்து, பெட்டியை அதன்மேல் தாண்டிக் கொண்டுபோவார்கள். போகிறவர் மறு உலகத்தில் கடக்கவேண்டிய தண்ணீருக்கெல்லாம் இவைதான் பாலம். பெட்டி தாண்டியதும் துணியை எடுத்து இல்லாதவர் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

“இன்னைக்குப் பாலத்துமேலயே பாலம் போடணும்,” என்றாள் நாஸ்தாசியா. “அந்த இரும்புப் பாலத்தை மனுஷன் எவ்வளவு திட்டினாரு. கடைசில அதுமேலதான் போகணும்னு இருக்கு பாரு.”

வாசல் நிலையில் லாவினியா வந்து நின்றாள். கறுப்பு முக்காடு அவளுக்குக் கட்டத் தெரியவில்லை. நழுவி நழுவி விழுந்தது. நேற்று ராத்திரி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்ததில் முகம் வீங்கியிருந்தது.

“அம்மா, ஒரு நிமிஷம் இப்படி வரியா?”

“துணி இருக்குடி.”

“துணியை நாஸ்தாசியா அக்கா பாத்துக்குவாங்க.”

“அவ குறுக்க கிழிக்கிறா,” என்று சொல்லிவிட்டு சவேத்தா அடுத்த துண்டைக் கையில் எடுத்தாள். மகள் என்ன கேட்கப்போகிறாள் என்று தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியோடு வந்த வண்டியிலேயே ஒருமுறை கேட்டுவிட்டாள். காலையில் அடுப்படியில் ஒருமுறை கேட்டாள். கேள்வி ஒன்றுதான். பதிலும் சவேத்தாவுக்குத் தெரிந்ததுதான். அதைச் சொல்வதா விழுங்குவதா என்பதுதான் தெரியவில்லை. அதைவிட, தனக்குத் தெரிந்தது உண்மைதானா என்பதே கொஞ்ச நேரமாகக் குழப்பமாக இருந்தது.

லாவினியா திமிஷோவாரா நகரத்தில் எஞ்சினியர். மனிதர்கள் நடந்து போகிற பாலங்கள் அந்த நடைக்கு எவ்வளவு ஆடுகின்றன, அந்த ஆட்டத்தை மனிதர்கள் எவ்வளவு பொறுப்பார்கள் என்று அளந்து சொல்வது அவளுடைய வேலை. ஊரில் யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், “பாலத்துக்கு நாடி பாக்குறா,” என்பார் அவ்ராம். சலூன் நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறவன் எழுந்து ஓடவா முடியும். முழுக்கதையையும் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

பழைய மரப்பாலத்தை வெள்ளம் கொண்டுபோன பிறகு, மூரெஷ் ஆற்றின் குறுக்கே மெல்லிசாக ஒரு இரும்புப் பாலம் கட்டினார்கள். கல்லறைத் தோட்டமும் கோவிலும் சலூனும் அக்கரையில். வீடுகள் எல்லாம் இக்கரையில். திறப்பு விழாவன்று ஊரே ஏறி நடந்தது. மறுநாளே அவ்ராம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்: ஆடுது. காலுக்கடியில் ஆடுது, வயிற்றைப் பிரட்டுது, கரையேறிய பிறகும் கொஞ்ச நேரம் கூடவே வருது. ஊர் சிரித்தது. பிளம் சாராயத்தைக் குறைங்க என்றார்கள். ஊராட்சி அலுவலகத்தில் இருந்தவர்களும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள்.

லாவினியா மட்டும் சிரிக்கவில்லை. சென்ற இலையுதிர்காலத்தில் தன்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். தீப்பெட்டி அளவுக் கருவிகளைப் பாலத்துத் தரையில் ஒட்டினாள். பெரிய ஸ்பீக்கரில் டிக் டிக் என்று ஒரு சத்தத்தை வைத்தாள். இறைச்சி வறுவலும் பீரும் உண்டு என்று சொன்னதால் பாதித் தெரு வந்தது. எல்லோரும் அந்தச் சத்தத்துக்குச் சரியாகக் கால் வைத்து நடக்கவேண்டும்.

“பட்டாளத்துலகூட நான் இவ்வளவு ஒழுங்கா நடந்ததில்ல,” என்றான் கோர்னெல். அவன் லாரி ஓட்டுகிறவன், அடுத்த வீட்டு நாஸ்தாசியாவின் புருஷன்.

“அதனாலதான் உன்னைச் சமையல்கட்டுக்கு அனுப்பினான்,” என்றாள் நாஸ்தாசியா.

நடந்து முடித்ததும் விரல் காட்டவேண்டும். ஒரு விரல் என்றால் சௌகரியம். இரண்டு என்றால் தெரிகிறது, பரவாயில்லை. மூன்று, பிடிக்கவில்லை. நாலு, தாங்க முடியவில்லை. கோர்னெல் மூன்றைக் காட்டினான். விரலுக்கு ஒரு பீர் என்று நினைத்துக்கொண்டானாம். நடக்கிறவனைவிட நிற்கிறவனுக்குத்தான் ஆட்டம் அதிகம் தெரியும் என்று லாவினியா அப்பாவைப் பாலத்து நடுவில் நிறுத்திவிட்டு மற்றவர்களை நடக்கவிட்டாள். அவ்ராம் சிரிக்காமல், கோவிலில் நிற்கிற மாதிரி நின்று, நாலு விரலையும் காட்டினார்.

பாலம் உண்மையாகவே ஆடியது. கருவி சொன்னது. சாதாரணமாக மனிதன் கால் வைக்கிற வேகமும் அந்தப் பாலம் தானாக அசைய விரும்புகிற வேகமும் ஒன்றாகப் போய்விட்டதாம். இடியாது, ஆனால் இம்சை. அன்று லாவினியா அப்பாவைக் கட்டிப்பிடித்து, “ஊருக்கே தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. என் கருவியும் நீங்களும் ஒண்ணு,” என்றாள். அவர் நாலைந்து நாளைக்குத் தெருவில் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். யாரும் நடக்காத பாலத்தையும் அதிகாலையில் அளந்தார்கள். அது அப்போது சும்மா இருந்தது என்று கருவி சொன்னது. அப்போது அதன்மேல் நின்று விரல் காட்ட யாரையும் வைக்கவில்லை. யாரும் நடக்காத பாலத்தில் ஒருவனை நிறுத்தி ஆடுகிறதா என்று கேட்க யாருக்குத் தோன்றும்.

இந்த வருஷம் பனி உருகியதும் பாலத்தின் வயிற்றுக்கடியில் ஸ்பிரிங்கில் தொங்குகிற இரும்பு எடைகளை மாட்டினார்கள். பாலம் ஒரு பக்கம் போக நினைத்தால் எடை மறுபக்கம் இழுக்கும். மறுபடியும் லாவினியா வந்தாள், மறுபடியும் டிக் டிக், மறுபடியும் நடை. சவேத்தா கரையிலேயே நின்று வறுவலைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தூரத்தில் பாலத்து நடுவில் அவ்ராமின் தொப்பியும், மேலே தூக்கிய ஒற்றை விரலும் மட்டும் தெரிந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். லாவினியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மகள் ஊருக்குக் கிளம்பிப் போனதும் அவ்ராம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னார்:

“ஆடத்தான் செய்யுது. முன்னைவிட மோசமா.”

சவேத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பின்ன எதுக்குய்யா ஒத்த விரலைக் காட்டின?”

“அவ என் மூஞ்சியையே பாத்துட்டு நிக்கிறா. எப்படா ஒரு விரலைக் காட்டுவாருன்னு. நாலைக் காட்டினா அந்தப் புள்ள மூஞ்சி என்ன ஆகும்?”

“டாக்டர்கிட்டயாவது போய்யா.”

“போய் என்னன்னு சொல்ல? பாலம் ஆடுதுன்னா? ஆடலன்னு என் பொண்ணே அளந்து சொல்லிட்டா. நீ அவகிட்ட வாயத் திறக்காத.”

சவேத்தா வாயைத் திறக்கவில்லை. அதை ஒரு பெரிய விஷயமாகவும் நினைக்கவில்லை. இந்த மனுஷனுக்கு எப்போதும் ஏதாவது ஒரு குறை. சூப்பில் உப்பு, தலையணையில் கட்டி, காலுக்கடியில் பாலம். கோடையில் சலூனில் கோர்னெலின் காதை வெட்டிவிட்டபோதுகூட, “கத்தி பழசு,” என்றார். ஊர் அதையும் பாலத்தின்மேல் போட்டுச் சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்குத் தன் வாயிலேயே ஒன்று போடவேண்டும்போல இருந்தது.

கிளம்பும் நேரம் வந்துவிட்டது. பாதிரியார் உள்ளே வந்து தூபம் காட்டினார். பெட்டியைத் தூக்க நாலு பேர் வந்தார்கள், முன்னால் கோர்னெல். நேற்று அவன்தான் அவ்ராமுக்கு முகம் மழித்துவிட்டான். தாடைக்கடியில் சின்னதாக ஒரு கீறல் இருந்தது.

“பழி வாங்கிட்டேன்னு நினைச்சுக்காதீங்க அக்கா,” என்றான். “கத்தி பழசு.”

“அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. தூக்கு.”

தெருவில் பனி விலகவில்லை. பெட்டி மூடியை முன்னால் கொண்டுபோனார்கள். திறந்த பெட்டியில் அவ்ராம் வானத்தைப் பார்த்தபடி போனார். முச்சந்தியில் முதல் துணியை விரித்தார்கள். பாதிரியார் வாசித்தார், பெட்டி தாண்டியது. ஓடையில் இரண்டாவது துணி. லாவினியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாய் சும்மா இல்லை.

“டாக்டர் சொன்னதைக் கேட்டேல்லம்மா.”

கேட்டிருந்தாள். ஆஸ்பத்திரி நடையில் நின்று டாக்டர் சொன்னார்: பின்மண்டையில் கட்டி. மனிதனை நிதானமாக நிற்கவைக்கிற இடம் அது. எப்போதிருந்து தள்ளாட்டம்? லாவினியாதான் பதில் சொன்னாள். போன வருஷம் பாலம் ஆடியது, அது வேறு. இந்த வசந்தத்தில் சரிசெய்தாகிவிட்டது, அப்பாவே சௌகரியம் என்று சொன்னார். பிறகு போன மாதம் திடீரென்று விழுந்தார். டாக்டர் பேனாவை மூடினார். தள்ளாட்டம் நடுவில் நின்றுபோயிருந்தால் அதிசயம்தான், இந்த மாதிரிக் கட்டி இடையில் லீவு போடாது என்றார். வசந்தத்திலேயே கொண்டுவந்திருந்தால் கத்தி வைத்துப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். சவேத்தா அப்போது அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“லீவு போடாதுன்னு சொன்னாரு,” என்றாள் லாவினியா. “அப்ப அப்பா எனக்குக் காட்டின விரல் என்னம்மா?”

“நடக்குறப்ப பேசாத. பின்னால ஆளுங்க வர்றாங்க.”

சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது. சொன்னால் என்ன ஆகும்? இந்தப் பெண் அப்பாவைக் கருவி என்று நம்பினாள். அந்தக் கருவி தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது என்று தெரிந்தால் அவள் இனி எந்தப் பாலத்தில் எப்படிக் கால் வைப்பாள்? சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அந்த ரொட்டியும் அந்தச் சாயங்காலமும் சவேத்தாவின் தொண்டையிலேயே கிடக்கும். கிடக்கட்டும். அதுவுமில்லாமல் மகளிடம் அவ்வளவு சுலபமாகப் பொய் சொன்ன மனுஷன் பெண்டாட்டியிடம் மட்டும் உண்மைதான் சொன்னாரா? அவர் எத்தனை தடவை அவளைச் சீண்டுவதற்காக வயிற்றுவலி என்று படுத்திருக்கிறார். அன்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னாரா, சிரிக்காமல் சொன்னாரா? ரொட்டி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது, முகம் ஞாபகமில்லை. யோசிக்க யோசிக்க எல்லாம் ஒன்றோடொன்று கலந்துகொண்டது.

பாலத்து வாசலில் லாவினியா சட்டென்று கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள்.

“கோர்னெல் அண்ணே, நில்லுங்க. சேந்தாப்புல கால் வெச்சு நடக்காதீங்க. ஆளுக்கொரு மாதிரி வைங்க.”

தூக்கிக்கொண்டிருந்த நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“எப்படி வைக்கணும்?” என்றான் கோர்னெல்.

“ஒருத்தர் வலது கால் வெச்சா இன்னொருத்தர் இடது. சேந்து வைக்கக்கூடாது. சாதாரண நடைக்குத்தான் நாங்க அந்த எடையெல்லாம் பாத்து மாட்டினோம். இவ்வளவு மெதுவா போற கூட்டத்தை நடக்கவெச்சு நாங்க பாக்கல.”

“இடிஞ்சிருமா?”

“இடியாது அண்ணே. ஆனா பாக்கல.”

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு பேர் வேண்டுமென்றே காலை மாற்றிப் போட்டு நடப்பதை அதற்குமுன் யாரும் அங்கே பார்த்திருக்க முடியாது. கோர்னெல் நீட்டி ஒரு அடி வைத்தான். பின்னால் இருந்தவன் அரை அடி வைத்து நின்றான். மூன்றாவது ஆள் யாருடைய காலைப் பார்ப்பது என்று தெரியாமல் குனிந்தான். பெட்டி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. அவ்ராமின் தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்து பெட்டியின் ஓரத்தில் முட்டி நின்றது. கூட்டத்திலிருந்து யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

சவேத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் எட்டி அந்தத் தலையைப் பிடித்தாள். குளிர்ந்து கிடந்தது. நேராக வைத்துவிட்டு, முன்முடியை விரலால் ஒதுக்கிவிட்டாள்.

“போதும்டி,” என்றாள் மகளிடம். “அவரைப் போட்டு உலுக்காத.”

“அம்மா, நான்...”

“மகளே,” என்றார் பாதிரியார், கோபமில்லாமல். “காலங்காலமா நடக்கிற மாதிரியே நடக்கட்டும். பாட்டு இருக்கு. அதுக்குக் கால் தானா போகும்.”

அவர் பாட ஆரம்பித்தார். நாலு பேரும் மூச்சுவிட்டுக்கொண்டு ஒன்றாகக் கால்வைத்து நடந்தார்கள். பின்னால் ஊரும் அதே தாளத்தில் நடந்தது. லாவினியா பெட்டியைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து பாலத்துத் தரையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அவள் அழுகிறாளா, எண்ணுகிறாளா என்று சவேத்தாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நடு ஆற்றில் பெட்டி நின்றது. நாஸ்தாசியா குறுக்கே கிழித்த துணியை விரித்தாள். ஓரமெல்லாம் நூல் தொங்கியது. பாதிரியார் வாசிக்க வாசிக்க எல்லோரும் அசையாமல் நின்றார்கள். கீழே ஆறு சத்தமில்லாமல் போனது. சவேத்தா தன் இரண்டு காலையும் ஒட்டிவைத்து நின்று பார்த்தாள். இதே இடம். இங்கேதான் அவர் நின்று விரலைத் தூக்கினார். ஆடுகிறதா? ஆடவில்லை என்றுதான் இருந்தது. கண்ணை மூடிப் பார்த்தாள். மூடினால் எல்லாமே சுற்றியது. திறந்துகொண்டாள்.

“நல்லாத்தான் பண்ணியிருக்க பொண்ணே,” என்று நாஸ்தாசியா லாவினியாவின் காதில் சொன்னாள், மனசாரத்தான் சொன்னாள். “ஊரே நிக்குது, கல்லு மாதிரி இருக்கு.”

லாவினியா தலையாட்டினாள். அவள் உதடு வெளுத்துப்போயிருந்தது. பெட்டி துணியைத் தாண்டியதும் அந்தத் துணியை மடித்து கோவில் மணியடிக்கிற கிழவனிடம் கொடுத்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஈர மண், மெழுகுவர்த்தி, செத்தவருக்காக ஆளுக்கு ஒரு கரண்டி சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமை. மண்ணை அள்ளிப் போடும்போது சவேத்தாவுக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்து நாஸ்தாசியா பின்னால் வந்து தாங்கிக்கொண்டு நின்றாள். வரவில்லை. சலூன் சாவியும் உள்ளே போகிறதே, இனி கடையை எப்படித் திறப்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது ஊர் வேகமாக நடந்தது. வீட்டில் சூப்பும், முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய கறியும் காத்திருந்தன. செத்தவரின் பெயரைச் சொல்லிச் சாப்பிடாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. நாஸ்தாசியா பானையைப் பார்க்க முன்னாலேயே ஓடிவிட்டாள். அம்மாவும் மகளும் கடைசியாக வந்தார்கள். பாலத்தில் இவர்களைத் தவிர வேறு யாருமில்லை.

நடுவில் வந்ததும் லாவினியா நின்றுவிட்டாள்.

“அம்மா. ஒரே ஒரு தடவ. இதுக்குப் பதில் சொல்லிட்டா நான் செத்தாலும் மறுபடி கேக்கமாட்டேன்.”

“இந்தப் பேச்சை இன்னைக்குப் பேசாத.”

“எடையெல்லாம் மாட்டின பிறகு அப்பா உன்கிட்ட என்ன சொன்னாரு? எனக்குக் காட்டினதை விடு. நான் போன பிறகு வீட்டுல, உன்கிட்ட. ஆடுதுன்னு சொன்னாரா?”

கேள்வி இவ்வளவு நேராக வரும் என்று சவேத்தா நினைக்கவில்லை. வந்ததும் அதுவரை இருந்த குழப்பம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்று அவர் சிரிக்கவில்லை. இப்போது தெளிவாக ஞாபகம் வந்தது. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், பயந்துபோன குழந்தையைப் போலச் சொன்னார். அவள்தான் சிரித்தாள். மகளுடைய முகத்தைப் பார்த்தாள். முக்காடு நழுவி, மூக்கு சிவந்து, அப்பாவின் அதே அகலமான நெற்றியோடு, ஒரு பதிலுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்ல,” என்றாள் சவேத்தா. “ஆடவே இல்லன்னுதான் சொன்னாரு. வீட்டுத் தரை மாதிரி இருக்குன்னாரு. என் பொண்ணு செஞ்ச வேலைன்னு ராத்திரி பூரா ஒரே பெருமை. உனக்கு எதுக்கு நான் பொய் சொல்லப்போறேன்.”

லாவினியா மூச்சு விட்டாள். தலையை ஆட்டினாள். இக்கரையிலிருந்து யாரோ நாயை அதட்டுகிற சத்தம் கேட்டது.

“அன்னைக்கு அப்பா இங்கதான் நின்னாரும்மா,” என்றாள். “நீ கரையில இருந்த. உனக்கு விரல் மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். நான் பக்கத்துல இருந்தேன். இந்தக் கையால விரலைக் காட்டினாரு. அந்தக் கையால கம்பியைப் பிடிச்சிருந்தாரு. விரல் கணுவெல்லாம் வெளுத்துப்போயிருந்துச்சு.”

“கிழவரு. ஏதோ பிடிச்சிருப்பாரு.”

“நான் பாத்தேன். பாத்துட்டு, ஒரு விரல்னு எழுதிக்கிட்டேன்.” குரல் உடையாமல்தான் சொன்னாள். பிறகு கண்ணைத் தாழ்த்தி அம்மாவின் இடுப்புக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தாள். “நீயும் அப்படித்தான் பிடிச்சிருக்க.”

சவேத்தா குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கணுக்கள் வெளுத்திருந்தன. எடுக்க நினைத்தாள். விரல்கள் பிரியவில்லை.

இக்கரையில் கோர்னெல் வந்து நின்று, சூப் ஆறிப்போகுது, ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க என்று கையை ஆட்டினான். லாவினியா அம்மாவின் கையை எடுத்துவிடவில்லை. பக்கத்தில் வந்து, அந்தக் கைக்கு அடுத்தாற்போல் அதே கம்பியைத் தானும் பிடித்துக்கொண்டாள். ஈரத்தில் கம்பி சில்லென்று இருந்தது. ஒருவர் பின் ஒருவராக, கம்பியை விடாமல், தண்ணீரில் இறங்கிக் கடக்கிறவர்களைப் போலக் கால்வைத்து, அசையாத அந்தப் பாலத்தை மெதுவாகக் கடந்து வந்தார்கள்.